குமிழி வராத வாளி

மெல்பேணின் வடக்குப் பக்கத்தில் துஷ்யந்தி ஒரு சிறிய கடை வைத்திருந்தாள். வீட்டிலேயே பியர் செய்வதற்கான சாமான்கள் அங்கே கிடைக்கும். வயது முப்பத்து நான்கு. சனிக்கிழமை காலைகளில் கடையின் பின்னறையில் வகுப்பும் எடுப்பாள்.

அவளிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் தவராசா. யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவள் அவரைச் சேர் என்றாள். படிப்பிப்பவள் அவள் என்பதால் அவர் அவளை ரீச்சர் என்றார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் நாளே அவள் கேட்டாள்.

“நீங்கள் குடிக்கிறனீங்களோ, சேர்?”

“இல்லை.”

“பிறகேன் இது?”

தவராசா சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என்ர மகன் கஜன் எஞ்சினியர் வேலையை விட்டுட்டு பேர்த்தில சின்னதா ஒரு பியர் ஆலை போட்டவன். ‘சாராயம் காய்ச்சவோ உன்னைப் படிப்பிச்சனான்’ எண்டு கேட்டுட்டன். பதினாலு மாசமா என்னோட கதைக்கிறேல்லை.”

“அதுக்கு?”

“என்ர கையால ஒரு போத்தில் செய்து கொண்டுபோய் அவனிட்டைக் குடுக்க வேணும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, ரீச்சர்.”

துஷ்யந்தி ஒரு டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

டின்னுக்குள் தார் மாதிரிக் கறுத்து ஒட்டும் மோல்ட் என்ற பார்லிப் பாகு இருந்தது. அன்று மத்தியானமே தவராசா அதை வீட்டில் கொதிநீரில் கரைத்தார். சீனி போட்டார். பெரிய வாளியில் இருபத்துமூன்று லீற்றர் வரை தண்ணீர் விட்டார். கண்ணாடி மிதவையைப் போட்டு அடர்த்தியை அளந்து, கொப்பியில் எழுதினார். ஈஸ்ட்டைத் தூவி மூடினார். மூடியின் நடுவில், கொஞ்சம் தண்ணீர் விட்ட வளைந்த குழாய் ஒன்று நின்றது.

“ஈஸ்ட் சீனியைத் தின்னத் தொடங்கினால் வாயு இந்தக் குழாயால வரும்,” என்று வகுப்பில் சொல்லியிருந்தாள். “குமிழி குமிழியாய் வரும். சத்தமும் கேட்கும்.”

ஞாயிறு குமிழி வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு வாளிக்கு முன்னால் இருந்தார். புதனும் வியாழனும் அப்படியே போயின. குழாய்த் தண்ணீர் அசையவில்லை.

வெள்ளி காலை கடைக்குப் போன் வந்தது.

“ரீச்சர், நான் இதை ஊத்தப் போறன். செத்துப் போச்சு.”

“அளந்து பாத்தனீங்களோ?”

“குமிழியே இல்லை. பிறகு எதை அளக்கிறது?”

“நான் வரும்வரைக்கும் ஊத்தாதேங்கோ.”

அவருடைய மனைவி ராணி கதவைத் திறந்தார். தவராசா ஏற்கெனவே வாளியை, சுற்றியிருந்த போர்வையோடேயே, கழுநீர்த் தொட்டியடிக்கு இழுத்து வைத்திருந்தார். ராத்திரி நித்திரை கொள்ளாத முகம்.

“அன்ரி, பாத்திரம் கழுவிற சோப் கொஞ்சம் தாங்கோ.”

துஷ்யந்தி சோப்பை நுரைக்கக் கலக்கி, மூடியின் விளிம்பைச் சுற்றி விரலால் பூசினாள். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சுவர்ப்பக்கமாக ஓரிடத்தில் நுரை மெல்லப் புடைத்தது. பட்டாணி அளவாகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று புடைத்தது.

தவராசா குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“மூடி இந்தப் பக்கம் வடிவா இறுகேல்லை, சேர். வாயு குழாய்க்குப் போகாமல் விளிம்பால போயிருக்கு.”

“ஆறு நாளுமோ?”

“ஆறு நாளும்.”

வாளியின் அடியில் இருந்த பைப்பைத் திறந்து ஒரு குவளை பிடித்து, அதில் மிதவையை விட்டாள். “முதல் நாள் ஆயிரத்து நாற்பது எண்டு எழுதியிருக்கிறியள். ஈஸ்ட் சீனியைத் திண்டிருந்தால் அது இறங்கியிருக்கும். இப்ப வாசியுங்கோ.”

வாழ்நாள் முழுக்க அளவு வாசித்த மனிதர் அதை மூன்று தரம் வாசித்தார்.

“ஆயிரத்துப் பதினாலு.”

கதிரையில் பொத்தென்று இருந்தார். “சீனி கனக்க முடிஞ்சுது, ராணி! இது செத்துப்போகேல்லை!”

துஷ்யந்தி குவளையை நீட்டினாள். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

“கைக்குது.”

“பியர் கைக்கும், சேர்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கனகாலம் என்பது ராணியின் முகத்தில் தெரிந்தது.

துஷ்யந்தி வாளியைச் சுற்றிக் கட்டியிருந்த தடித்த போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். “இந்தக் குளிருக்கு வெறும் வாளியெண்டால் ஈஸ்ட் உறங்கியிருக்கும். இதைச் சுத்தினது ஆர்?”

“நான்தான்,” என்றார் ராணி.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும், அன்ரி?”

ராணி கணவரைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

“கஜன் சொன்னவன்.”

தவராசா நிமிர்ந்தார். “எங்கட கஜனோ? அவனுக்கு ஆர் சொன்னது?”

“நான்தான். ஞாயிற்றுக்கிழமையில எனக்கு எடுப்பான். எடுத்தவுடன, அப்பா பிறஷர் குளிசை போட்டவரோ எண்டுதான் கேட்பான். இந்த முறை நீங்கள் வாளி வைச்சிருக்கிறதைச் சொன்னன். எங்கை வைச்சிருக்கு எண்டு கேட்டவன். பிறகு, அந்த அறை குளிரும் அம்மா, போர்வை ஒண்டைச் சுத்திவிடுங்கோ எண்டவன்.”

“ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறவனோ?”

“ஓம்.”

“பதினாலு மாசமாவோ?”

“ஓம். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவன்.”

விளிம்பில் ஒரு குமிழி புடைத்து உடைந்தது.

தவராசா மூடியின் விளிம்பை விரலால் தொட்டார்.

“ரீச்சர், இந்த மூடியை வடிவா இறுக்கிவிட்டால் இப்பவும் குழாயில குமிழி வரும்தானே?”

“கொஞ்சம் வரும்.”

“அப்ப இறுக்கட்டோ?”

துஷ்யந்தி மிதவையைத் துடைத்து உறையில் வைத்தாள்.

“உங்களுக்குக் குமிழி வேணுமோ, பியர் வேணுமோ, சேர்?”