ஆவுளியாவின் வயிற்றில்

திலகவதி துணிப்பையைக் கட்டிக்கொண்டு ஆசிரம வாசலில் வந்து நின்றாள். மாட்டு டாக்டராக ஊரூராய் அலைந்து ஓய்வுபெற்றவள். அம்பலவாண சாமி அவளைவிட இருபது வயது இளையவர். இருந்தால் என்ன, குரு குருதானே.

"ஊருக்குக் கிளம்புறேன் சாமி."

"ஏன் டாக்டரம்மா?"

"நேத்து பஜனையில அந்தப் புதுப் பொண்ணு பாடினது என் அறை வரைக்கும் கேட்டுது. எல்லாரும் உருகிப் போனாங்களாம். எனக்கு மட்டும் வயிறு எரிஞ்சுது. இந்த வயசுல! இந்தப் பொறாமையைத் தொலைக்கணும்னுதான் இத்தனை நாளா அறைக்கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். பட்டினி கிடந்தும் பாத்துட்டேன். போக மாட்டேங்குது. இதை உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படித் தீட்சை வாங்குறது?"

சாமி வாயைத் திறப்பதற்குள் வனத்துறை ஆள் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். கரையில் ஒரு கடல்பசு செத்து ஒதுங்கியிருக்கிறதாம். மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அதுதான். அறுத்துப் பார்க்க வேண்டிய டாக்டர் வெளியூரில் இருக்கிறார். அம்மா வந்தால் தேவலை.

பை வாசலிலேயே கிடந்தது. திலகவதி போனாள். யாரும் கூப்பிடாமலே சாமியும் பின்னால் போனார்.

இரைப்பையைத் திறந்ததும் நாற்றம் தாங்காமல் வனத்துறை ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார். சாமிக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார். மென்ற கடல்புல்லுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாகப் புழுக்கள்.

"இடியாப்பம் மாதிரி இருக்கே!"

திலகவதிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"பாவம்மா. இதுங்கதான் கொன்னுருச்சா?"

"சேச்சே. கொழுப்பைப் பாருங்க சாமி, எத்தனை கனம்! நல்லா மேய்ஞ்சிருக்கு, குட்டியும் போட்டிருக்கு. அநேகமா எல்லா ஆவுளியா வயித்துலயும் இந்தப் புழு இருக்கும். அது பாட்டுக்கு இருக்கும், இது பாட்டுக்கு மேயும்."

"ஒண்ணு விடாம எடுத்துட்டா?"

"மறுபடி மேயப் போனா மறுபடி வரும்."

"அப்ப எப்படித்தான் செத்துச்சு?"

மூச்சுக்குழாயை அறுத்துக் காட்டினாள். உள்ளே நுரை. துடுப்பில் வலை அறுத்த தடம்.

"கடல்லயே கிடந்தாலும் இது மீன் இல்ல சாமி. நம்மள மாதிரி நுரையீரல். கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா மேல வந்து மூச்சு வாங்கியாகணும். வலையில சிக்கி, வர முடியாம அடியிலயே மூச்சு முட்டிச் செத்திருக்கு."

சாமி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு மெய்யாகவே துக்கமாக இருந்தது.

திலகவதி அலையில் கத்தியைக் கழுவினாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"என் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலையே சாமி?"

"நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார் சாமி. "அறைக்கதவைச் சாத்துனதுக்கு அப்புறம் நீங்க ஒரு தடவையாவது மூச்சு வாங்க மேல வந்தீங்களா, டாக்டரம்மா?"