மரப்பாச்சி பிடித்த துடுப்பு

ஒரு நாள் வெள்ளிங்கிரி தன் ஆசிரியையிடம் வந்து, "தனியா வர்றவங்க என்ன தப்புப் பண்ணினாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

ஆசிரியை தாட்சாயிணிக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு நாற்பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதை இழுத்து மூடியதும் எங்களிடம் வந்து சேர்ந்து, தாட்சாயிணியிடம் வேலை கற்றுக்கொண்டார். பீளமேட்டில் ஒரு மாடியில் ஏழு பேராக உட்கார்ந்து ஓர் ஆன்லைன் விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தோம். வெள்ளிங்கிரி அவரை டீச்சர் என்பார். அவர் வெள்ளிங்கிரியை அண்ணா என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று தெரியாமல் முழிப்பார்கள். எங்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

விளையாட்டின் பெயர் 'ஒன்பது துறை'. ஆளுக்கு ஒரு வேஷம் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய ஆற்றை ஒன்பது துறைகளில் கடந்து போக வேண்டும். மூன்றாவது துறையில் ஓடங்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு துடுப்புகள். ஒரு ஆள் ஒரு துடுப்பைத்தான் பிடிக்க முடியும். தனியாக வந்தவர் இன்னொருவர் வரும்வரை கரையில் நிற்க வேண்டியதுதான். அந்த விதியைப் போட்டவரே தாட்சாயிணிதான்.

இது பலருக்கும் தொல்லையாக இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆடுகிறவர்கள், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும்போது ஆடுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் கிடைப்பதே அரைமணி நேரம். அதில் இருபது நிமிடம் கரையில் நின்றே போய்விடும். நண்பர்களோடு வாருங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், நண்பர்களுக்கு நான் எங்கே போவேன் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

வெள்ளிங்கிரி சும்மா வரவில்லை. மூன்றாம் துறையில் யார் யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முதல் வரியில் 'கோமதி83' என்று ஒரு பெயர். தினமும் நான்கு மணி நேரம். இரண்டு வருடமாக.

"இந்தப் புள்ளையப் பாருங்க டீச்சர். ரெண்டு வருஷமாக் கரையிலயே நிக்குது. அக்கரைக்குப் போவோம்னு இன்னும் நம்பிட்டு வருது பாருங்க."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எண்களைப் பார்த்துக் கண் கலங்குகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆசிரியை பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மாத்திடுங்க அண்ணா" என்றார். சண்டை வரும் என்று காத்திருந்த எங்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

வெள்ளிங்கிரி ஒரு மரப்பாச்சி பொம்மையைச் செய்தார். தனியாக வருகிறவர் ஓடத்தில் ஏறினால் அதுவும் பின்னாலேயே ஏறி இரண்டாவது துடுப்பைப் பிடித்துக்கொள்ளும். பேசாது, திரும்பிப் பார்க்காது, அக்கரை வந்ததும் காணாமல் போய்விடும். அவ்வளவுதான்.

ஜனங்கள் திரும்பி வந்தார்கள். விட்டுப்போனவர்கள்கூட வந்தார்கள். இப்போதுதான் நிம்மதியாக ஆடுகிறேன் என்று டியூஷன் வாசல் அம்மா ஒருவர் எழுதினார். வெள்ளிங்கிரி ஆபீசுக்கு மைசூர்பாகு வாங்கிவந்து, வேண்டாம் என்றவர் வாயிலும் திணித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து கோமதி எழுதியிருந்தார். வெள்ளிங்கிரி அதை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டத் தொடங்கினார். பாதியில் அவர் குரல் நின்றுவிட, மீதியை நான் வாங்கிப் படித்தேன்.

"விபத்துக்குப் பிறகு எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறேன். எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். வேலை மட்டும் தர மாட்டார்கள். காய் நறுக்கித் தருகிறேன் என்றாலும், நீ ஏன் சிரமப்படுகிறாய் என்று அண்ணி தட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். உங்கள் மூன்றாம் துறையில் மட்டும் எனக்கு வேலை இருந்தது. தனியாக வந்து நிற்பவர்களோடு ஏறித் துடுப்புப் போடுவேன். அக்கரையில் விட்டுவிட்டு, துறையை முதலிலிருந்து தொடங்கி மறுபடி வந்து நிற்பேன். ஒரு நாளைக்கு முப்பது பேராவது போவார்கள். இறங்கும்போது, அக்கா நீங்கள் இல்லாவிட்டால் போயிருக்கவே முடியாது என்பார்கள். இப்போது அவரவரே போய்விடுகிறார்கள். தப்பு என்று சொல்லவில்லை. இங்கே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள் என்று உங்களில் யாராவது தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றியது. அதற்காக எழுதினேன்."

அந்தப் பட்டியல் காத்திருந்த நேரத்தைத்தான் எண்ணியது. கடந்ததை எண்ணவில்லை. ஓயாமல் ஆற்றைக் கடந்துகொண்டிருந்த ஒருத்தியை, கடக்கவே முடியாதவள் என்று எங்களுக்குக் காட்டியிருக்கிறது. அவள் பெயரைச் சொல்லித்தான் விதியை மாற்றினோம்.

வெள்ளிங்கிரி கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியையின் மேஜைக்குப் போனார்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?"

"தெரியாது. நானும் உங்க பட்டியலைத்தான் பார்த்தேன்."

"பழையபடி வெச்சிடலாமுங்க. இன்னிக்கே மரப்பாச்சியை எடுத்துடறேன்."

"எடுத்தா அவங்க ஓடத்துக்கு யார் வருவாங்க?"

"முன்ன வந்தவங்கதான்."

"எதுக்கு வருவாங்க?"

வெள்ளிங்கிரி யோசித்தார். "இன்னொரு ஆள் இல்லாமப் போக முடியாதுங்களே. அதனால."

"வேற வழியில்லாமத்தான் வர்றாங்கன்னு கோமதிக்கு முன்ன தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சு."

வெள்ளிங்கிரி அங்கேயே நின்றார். அப்படியானால் நான் என்னதான் செய்யட்டும் என்று கேட்டார். ஆசிரியை தன் நாற்காலியிலிருந்து எழுந்து அதை அவர் பக்கம் நகர்த்தினார். திரையில் 'ஒன்பது துறை' திறந்திருந்தது.

அப்போது காலை பதினொரு மணி இருக்கும். வெள்ளிங்கிரி புதுப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, முதல் இரண்டு துறைகளைத் தட்டுத்தடுமாறித் தாண்டி மூன்றாவதற்கு வந்தார். விளையாட்டைச் செய்யத் தெரியுமே தவிர அவருக்கு ஆட வராது. நாங்கள் பின்னால் நின்று பார்த்தோம்.

கரையில் கோமதி83 நின்றிருந்தார், பச்சைச் சேலைக்காரி வேஷத்தில். அவரைத் தாண்டி இரண்டு பேர் ஆளுக்கொரு ஓடத்தில், ஆளுக்கொரு மரப்பாச்சியோடு போனார்கள்.

துணைக்கு வருகிறீர்களா என்று வெள்ளிங்கிரி தட்டினார்.

பதில் உடனே வந்தது. "இப்பத்தான் ஒத்தையிலேயே போலாமே. என்னை எதுக்குக் கூப்பிடுதீங்க?"

வெள்ளிங்கிரி எதையோ தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், அழித்தார். கடைசியில், தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது என்று எழுதினார்.

பச்சைச் சேலைக்காரி ஓடத்தில் ஏறித் துடுப்பைப் பிடித்தார். நடு ஆறுவரை பேச்சே இல்லை. வெள்ளிங்கிரியின் துடுப்பு தாளம் தப்பித் தப்பி விழுந்தது. கோமதி அதற்கேற்றபடி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். முப்பது பேரைத் தினமும் கரை சேர்த்தவருடைய கை அது என்று பார்த்ததுமே தெரிந்தது.

அக்கரை நெருங்கும்போது கோமதி எழுதினார்: "நீங்க கம்பெனி ஆளா?"

எங்களில் ஒருவர், இல்லை என்று சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். வெள்ளிங்கிரி திரும்பி ஆசிரியையைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"ஆமா" என்று தட்டினார் வெள்ளிங்கிரி.

கோமதி ஓடத்தை ஒழுங்காகக் கரையில் கொண்டுவந்து சேர்த்தார். வெள்ளிங்கிரி இறங்கும்வரை துடுப்பை விடவில்லை. பிறகு, "பாத்துப் போங்க சார்" என்று எழுதினார். அவர் பெயர் மங்கி அணைந்தது. விளையாட்டை விட்டே வெளியே போய்விட்டார்.

வெள்ளிங்கிரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாங்கள் ஒவ்வொருவராக எங்கள் இடத்துக்குத் திரும்பினோம். அந்த அறையில் பேச்சு கேட்காத இடம் என்று எதுவும் கிடையாது. அதனால் அவர்கள் பேசியது என் காதிலும் விழுந்தது.

"நான் பரிதாபப்பட்டுப் போனேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்க டீச்சர்."

"பரிதாபப்பட்டுத்தானே போனீங்க?"

"ஆமாங்க."

"அப்ப சரியாத்தான் தெரிஞ்சிருக்கு."

"அவங்க மறுபடி வருவாங்களா?"

"தெரியலை."

"வந்தா, எதுக்குக் கூப்பிடுறேன்னு மறுபடி கேப்பாங்க. எங்கிட்டப் பதில் இல்லைங்க. நாளைக்கும் போகட்டுங்களா?"

ஆசிரியை மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"பரிதாபம் ஒரு பத்து நாள் தாங்கும். அதுவரைக்கும் யார் வேணும்னாலும் போவாங்க. பதினோராவது நாள் போங்க. அன்னிக்கும் போகத் தோணுச்சுன்னா, அவங்க கேக்குறதுக்கு உங்ககிட்டப் பதில் இருக்கும்."