துண்டை விலக்கிய விலை

கொங்குப் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

அப்படியொரு சந்தைக்குக் கோகிலவாணி தன் கறவை மாட்டை ஓட்டி வந்தாள். தங்கைக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நாற்பத்தைந்தாயிரம் கட்ட மறுநாளே கடைசி நாள். அப்பா இல்லாத வீட்டில் விற்பதற்கு இந்த மாடுதான் இருந்தது.

ஒரே வேனில் வந்திறங்கிய மூன்று வியாபாரிகள் மாட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். தரகர் ராசப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"துண்டெல்லாம் வேண்டாங்கண்ணா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி விலையைச் சொல்லட்டும்," என்றாள் கோகிலவாணி.

"தனித்தனியா புடிச்சுப் பாத்துச் சொல்றேன் அம்மிணி. அதுதான் நல்லது."

"உள்ள நீங்க என்ன பேசிக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ராசப்பன் முகம் சுண்டிப்போயிற்று. வியாபாரி சென்னியப்பன் சிரித்தார். "படிச்ச புள்ள நாயமாத்தான கேக்குது ராசப்பா? மூடி வெக்கறதுக்கு என்ன இருக்குது?"

கோகிலவாணி பொருளியல் பட்டதாரி. ஒரு பெரிய பொருளியலாளரின் கருத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பிறகு நம்பவும் தொடங்கியிருந்தாள்: விலை வெளியே தெரிந்தால் போட்டி வரும், யாருடைய கட்டாயமும் இல்லாமல் விற்கிறவரே சுதந்திரமானவர்.

"முப்பது," என்றார் சென்னியப்பன், உரக்க.

மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். "எனக்கும் அதேதான்," என்றார் ஒருவர். "எனக்கு அதுவே ஜாஸ்தி," என்றார் மற்றவர்.

போன வாரம் இதே மாதிரி மாட்டை, துண்டுக்கு அடியில், சென்னியப்பனே நாற்பத்தெட்டுக்கு வாங்கியிருந்தார்.

மதியம்வரை நின்றாள். வேறு யாரும் வந்து கேட்கவில்லை.

"புடிக்கலைன்னா ஓட்டிட்டுப் போயிரு கண்ணு. உன்னை யாரு கட்டாயப்படுத்துனா?" என்றார் சென்னியப்பன்.

மீதியைக் கடனாகப் புரட்டிக்கொள்ளலாம் என்று முப்பதுக்கே கயிற்றைக் கொடுத்தாள்.

வியாபாரிகள் மிரட்டவில்லை. தரகர் அவள் சொன்னபடியே நடந்தார். அவளும் தன் வாயால் சம்மதித்தாள். அப்படியானால் குறைந்துபோன பதினெட்டாயிரத்தை அவளிடமிருந்து எடுத்தது யார்?

விடை: வியாபாரிகள் மூவரும்தான். முப்பதைத் தாண்டுவதில்லை என்று வேனிலேயே பேசிவைத்திருந்தார்கள். துண்டுக்கு அடியில் அந்தப் பேச்சு நிற்காது; கூட்டாளிக்குத் தெரியாமல் ஒவ்வொருவரும் கூட்டிக் கொடுப்பார்கள். எல்லார் காதிலும் விழச் சொன்னால், பேச்சை மீறாமல் ஒருவருக்கு மற்றவர் காவல். ராசப்பனுக்கு இது தெரியும். தன்னைத் திருடனாக நினைத்தவளிடம் விளக்க அவருக்கு மனமில்லை. அடுத்த சந்தைவரை பொறுத்திருக்க வியாபாரிகளால் முடியும், அவளால் முடியாது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லியிருக்கவில்லை. மீதிப் பதினைந்தாயிரம் மறுநாளுக்குள் புரளவில்லை; கல்லூரி இடம் வேறொருத்திக்குப் போயிற்று. தங்கை பனியன் கம்பெனிக்குப் போகிறாள். அக்காவோடு அவள் இன்னும் பேசவில்லை.