பொங்கவிடாத பால்

முன்னொரு காலத்தில் வல்லூர்ச் சீமையைத் தாண்டவராயர் என்றொரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு சட்டம் போடுவார், மாலையில் அதற்குத் திருத்தம் போடுவார். ஒருநாள் என்ன தோன்றியதோ, கடல் கடந்து போன நம் குடிகள் திரும்பி வந்து முதல் வீடு வாங்கினால் வரியில் பாதி தள்ளுபடி என்று தண்டோரா போட்டுவிட்டார்.

அதை நம்பி, கடாரத்திலிருந்து பிள்ளைகளோடு கப்பலேறி வந்தாள் வெள்ளையம்மை. சேர்த்ததையெல்லாம் கொட்டி ஓர் ஓட்டு வீடு வாங்கினாள். தள்ளுபடி கிடைக்காவிட்டால் வீடு ஏலத்துக்குப் போய்விடும்.

வரி அதிகாரி சடகோபருக்கு, வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்களைக் கண்டாலே வயிறு எரியும். பேச்சு மூக்கு வழியாகத்தான் வரும்.

"பால் காய்ச்சாத வீடு வெறும் சுவரும்மா. சுவருக்கு ஏது தள்ளுபடி?"

சரி, காய்ச்சிவிட்டு வருகிறேன் என்றாள்.

"காய்ச்சிட்டா நீ வீட்டுக்காரி. தள்ளுபடி வீடில்லாதவங்களுக்கு."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார், மனுஷனுக்குச் சிரிப்புகூட வரவில்லை. எத்தனை தடவை போனாலும் அதே பாட்டு.

வெள்ளையம்மை சண்டை போடவில்லை. நேரே அரண்மனைக்குப் போய், மகாராஜாவே வந்து பால் காய்ச்சும் விழாவை நடத்தித்தர வேண்டும் என்றாள். அழைப்பு என்றால் ராஜாவுக்குக் கால் தரையில் நிற்காது. வந்துவிட்டார். சடகோபரும் பின்னாலேயே வந்தார்.

அடுப்பு எரிந்தது. பால் எழும்பும்போதெல்லாம் வெள்ளையம்மை ஒரு கை தண்ணீர் தெளிப்பாள், அடங்கிவிடும். பால் பொங்குமுன் எழுந்து போனால் அபசகுனம். ராஜாவுக்குக் கண்ணில் புகை, வயிற்றில் பசி, கிரீடத்துக்குள் வேர்வை.

"ஏம்மா, அதைப் பொங்கவே விடமாட்டியா?"

"பொங்கினா தள்ளுபடி இல்லையாம் மகாராஜா. அய்யா சொல்லிட்டார்."

ராஜா சடகோபர் பக்கம் திரும்பினார். "அப்போ பொங்குறதுக்கு முன்னாடியே தள்ளுபடி முத்திரையைப் போட்டுத் தொலையுமேன்."

"எப்படிங்க மகாராஜா? பொங்கலைன்னா இது வீடே இல்லையே. விதி அப்படி."

சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜா கேட்டார்: "அப்போ நான் இவ்வளவு நேரமா எதுக்குள்ளய்யா உட்கார்ந்திருக்கேன்?"

வீடுதான் என்றால் சடகோபர் முத்திரை போட்டாக வேண்டும். வீடில்லை என்றால், ராஜாவை வெறும் சுவருக்கு நடுவே உட்காரவைத்த குற்றம். மடியிலிருந்த முத்திரை தானாக வெளியே வந்தது.

வெள்ளையம்மை தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள். பால் பொங்கி வழிந்தது.

மீதிப் பாதி வரியையும் ராஜா அங்கேயே தள்ளினார். சடகோபருக்கும் ஓர் உத்தரவு போட்டார்: இனிமேல் கடல் தாண்டி வந்தவர் யார் வீடு வாங்கினாலும், முத்திரையோடு போய் அவரே அடுப்பை ஊத வேண்டும்.

ஊதுகுழல் கிடையாது. அந்த வாயாலேயே.