மூன்று இடத்தில் இருந்த முகம்

கதை முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் தெரிந்துவிட்டது என்று நடுவில் யாரும் கையைத் தூக்கக் கூடாது. நிபந்தனை அது ஒன்றுதான்.

மாயவரத்தில் தில்லைநாயகம் என்று ஓர் ஓவியன் இருந்தான். ஓவியன் என்று சொன்னால் அவனுக்கே சிரிப்பு வரும். நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதுவான், கொலுவுக்குப் பொம்மை செய்வான், கடைகளுக்குப் பலகை எழுதுவான், கல்யாணம் என்றால் வாழ்த்துப் பாவும் அவனே கட்டிவிடுவான். அவன் எழுதிய வனத்துப் படுதாவை மேடையில் தொங்கவிட்டால் அன்றைக்குக் கொட்டகையில் கொசு இரண்டு பங்கு. பொய் என்றால் முதல் வரிசையில் உட்கார்ந்து சொறிந்துகொண்டவர்களைக் கேளுங்கள். ஆனால் அதே படுதாவை மேடையேறிக் கிட்டே போய்ப் பார்த்தால் மரமும் இல்லை, இலையும் இல்லை. பச்சையும் கருப்புமாக அப்பி வைத்த திட்டுகள்தான். படுதா என்பது கடைசி வரிசைக்காரனுக்காக எழுதுவது.

"ஏதாவது ஒண்ணை உருப்படியா செஞ்சா என்ன?" என்பாள் மனைவி வேம்பு.

"ஒண்ணையே செஞ்சா கை மரத்துப்போயிடும்டி. காலையில மண்ணு, மத்தியானம் சாயம், சாயங்காலம் பாட்டு. ராஜாவுக்குக்கூட இப்படி வாய்க்காது, போ!"

அவர்களுக்கு ஒரே மகள், தையல்நாயகி. கூப்பிடுவது தையு. ஆறு வயது. ஊரார் முகத்தையெல்லாம் எழுதிய தில்லைநாயகம் பெற்ற பிள்ளை முகத்தை மட்டும் எழுதவில்லை. கடைமுழுக்குத் திருவிழாவுக்குப் போட்டோக்காரர் வந்தபோது வேம்பு கெஞ்சினாள். அதற்கும் விடவில்லை. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படமெல்லாம் போனவர்கள் படம். உயிரோடு இருக்கிற பிள்ளையின் முகத்தை முழுசாக ஓரிடத்தில் எழுதினால் எமனுக்கு அடையாளம் தெரிந்துவிடும் என்பது அவன் அப்பா காலத்துப் பயம்.

ஆனால் கை சும்மா இருக்குமா? துண்டு துண்டாக எழுதினான். அவள் கண்ணை வனத்துப் படுதாவில், மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்ணுக்கு வைத்தான். கன்னத்துக் குழியை மரகதத்தம்மாள் வீட்டுக் கொலுவுக்குச் செய்த பால்காரிப் பொம்மைக்குக் கொடுத்தான். முன்பல் விழுந்த சிரிப்பு கோதண்டத்தின் மிட்டாய்க்கடைப் பலகைக்குப் போயிற்று. லட்டு தின்னும் குழந்தை அது.

"எமன் மூணு இடத்துக்கு அலையட்டும்" என்று சிரித்தான்.

எமனுக்குப் படம் தேவைப்படவில்லை. கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் தையு போய்விட்டாள்.

இருபது நாள் கழித்து வேம்பு வாயைத் திறந்தாள். "அவ மூஞ்சி எனக்கு மறந்துகிட்டே வருதுங்க. எழுதிக் குடுங்க."

எழுத உட்கார்ந்தான். இருபது வருஷமாகச் சாமி முகம் எழுதிப் பழகிய கை. முதல் படம் லட்சுமியாக வந்தது. அடுத்தது பாலமுருகன். பன்னிரண்டு தாள் எழுதினான். பன்னிரண்டும் கும்பிடுகிற மாதிரி இருந்தன. 'அப்பா' என்று கூப்பிடுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

ஊருக்குப் பிய்த்துக் கொடுத்ததைத் திரட்டிவரக் கிளம்பினான்.

நாடகக் கம்பெனி அருணாசல வாத்தியார் முழுக்கக் கேட்கவில்லை, அழுதுவிட்டார். "படுதா என்னய்யா பெரிய படுதா! புள்ளை கண்ணை விடவா?" கத்தரிக்கோலை எடுத்துவரச் சொல்லி, கண் இருந்த இடத்தை இரண்டு முழத்துக்கு வெட்டிச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

மரகதத்தம்மாள் "நாளைக்கு வாப்பா" என்றாள். மறுநாள் பொம்மை பட்டுத்துணியில் சுற்றித் தயாராக இருந்தது. "பழசா குடுக்க மனசு வரலைப்பா. ராத்திரியே ஆளை வச்சுப் புதுசா வர்ணம் பூசிட்டேன். அழகா போகணும்ல, நம்ம கொழந்தை."

கோதண்டம் மட்டும் அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பலகையை இறக்க முடியாது நாயகம். இந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் பிள்ளைங்க வருது. என் பொழப்பே அதுலதான் இருக்கு." கொஞ்ச நேரம் ஜாங்கிரி பிழிந்தான். "வேணும்னா எதிர்க்க நின்னு பாத்துக்க. எம்புட்டு நேரம் நின்னாலும் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நீயெல்லாம் மனுஷனாடா?" என்று கேட்டுவிட்டு வந்தான் தில்லைநாயகம்.

வீட்டில் படுதாத் துண்டை விரித்தான். வேம்பு குனிந்து பார்த்தாள். "இதுல கண்ணு எங்கங்க?" சுவரில் மாட்டிவிட்டுப் பின்னாலேயே நகர்ந்தான். முதுகு எதிர்ச்சுவரில் முட்டியது. தெருவுக்குக் கொண்டுபோய்த் தூரத்தில் பிடித்தும் பார்த்தான். சுற்றியிருந்த காடு போனபிறகு அது இரண்டு கருப்புத் திட்டு, அவ்வளவுதான். பொம்மையின் கன்னத்தில் புது வர்ணம் பளபளத்தது. குழி தூர்ந்திருந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டினான். புதுசோடு சேர்ந்து பழசும், அதோடு மண்ணும் உதிர்ந்தது.

கோதண்டம் சொன்னதை அவன் சொல்லக் கேட்டதும் வேம்பு வாசலில் இறங்கி நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். மிட்டாய்க்கடைக்கு எதிரே போய் நின்றாள். பலகையில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, பல் விழுந்த சந்தோடு. அத்தனை நாளும் அழாதவள் அங்கே நின்று, ஊர் பார்க்க அழுதாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படித்தாங்க. ஆமா... இப்படியேதான்."

இப்போது கையைத் தூக்கலாம். வாத்தியார் தன் படுதா நாசமானாலும் சரி என்று வெட்டிக் கொடுத்தார். மரகதத்தம்மாள் அழகுபடுத்திக் கொடுத்தாள். கோதண்டம் பிழைப்பைச் சொல்லிக் கையை விரித்தான். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோதண்டம். அவனைப் பிடிக்கவில்லையா, பிடிக்கவே வேண்டாம். எடையில் குறைக்கிறவன்தான். ஆனால் மற்ற இருவரும் பொருளைக் கொடுத்தார்கள். பெற்றவர்களுக்கு வேண்டியிருந்தது பார்வை. அதை அவன் ஒருத்தன்தான் இருந்த இடத்தில் இருந்தபடி விட்டுவைத்தான். வாத்தியாரைக் குறை சொல்லிப் பயனில்லை. படுதாவை வெட்டினால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தவன் தில்லைநாயகம், கேட்டதும் அவனேதான். துக்கம் அவன் தொழிலையே மறக்கடித்துவிட்டது. சரியைச் செய்த கோதண்டத்துக்கு அன்று யாரும் நன்றி சொல்லவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். பேச்சுக்கு நேரமில்லை. அவன் கடையைச் சாத்தி விளக்கை அணைப்பதற்குள் பார்த்தாக வேண்டும்.