அடி எங்கே போகிறது?

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். இந்தக் குருவின் பெயர் மேகலா. முப்பதைத் தாண்டி ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில், தகரக் கூரை போட்ட அறைதான் ஆசிரமம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் திறந்திருக்கும்.

அங்கே கூடுகிறவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, வாயாலேயே ஆடுவார்கள். ஒருவர் விண்கலத்தின் மருத்துவர், ஒருவர் தப்பி ஓடி வந்த கைதி. பகைவர், புயல், பெயர் தெரியாத கிரகங்கள், வழிப்போக்கர்கள் எல்லாமே மேகலாதான். அடி பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். ஆட்டத்தை நடத்துகிறவரை மாஸ்டர் என்று கூப்பிடுவது அங்கே வழக்கம்.

சீடர் நாச்சிமுத்து. வயதில் குருவைவிட ரொம்பப் பெரியவர். பம்பு கம்பெனியில் டிராயிங் போடுகிறவர். மாடிப்படியில் பார்த்தால் மேகலாவை "அம்மிணி" என்பார். மேசைக்கு வந்துவிட்டால் "மாஸ்டர்" என்பார். அதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

அவர்கள் தங்களுக்கென்று ஒரு புது ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஆற்றல் கவசத்துக்கு விதி எழுதும் வேலை நாச்சிமுத்துவுக்கு வந்தது. ஆளைச் சுற்றி ஒளித்திரையாக எழும்பி, வருகிற குண்டையும் கதிரையும் தடுத்துக்கொள்கிற கவசம். ரொம்ப வலுவாக இருந்தால் ஆட்டம் செத்துவிடும். நோஞ்சானாக இருந்தால் ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். நடுவில் எங்கேயோ ஒரு இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வரைவு ரொம்பச் சின்னதாக இருந்தது. கவசத்தை யாருக்காகவும் எழுப்பலாம். எழுப்பிவிட்டால் உள்ளே இருப்பவரை எதுவும் தொடாது. எழுப்பியவர் நினைத்தால்தான் அது இறங்கும்.

ஆடிப் பார்த்தார்கள். மாஸ்டர் பகைவராகிச் சுட்டார், மறுபடியும் சுட்டார். ஒன்றும் ஆகவில்லை. கைதியாக ஆடிய ரஃபீக் கொட்டாவி விட்டான்.

"மாஸ்டர், நாங்க உள்ள சும்மாவே உக்காந்திருக்கணுமா?"

மாஸ்டர் பகடையைக் கீழே வைத்தார்.

"அண்ணா, அடி எங்கங்க போகுது?"

"எந்த அடிங்க மாஸ்டர்?" என்றார் நாச்சிமுத்து.

"இத்தன நேரம் நான் அடிச்சனுங்களே, அது."

"காணாமப் போயிருதுங்க. கவசம் அதுக்குத்தானுங்களே."

"அடி காணாமப் போகுமுங்களா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. கற்பனை ஆட்டத்தில் எதுதான் காணாமல் போகாது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஏன் சுருக்கென்றது என்றால், அப்படியொரு கவசம் அவர் வீட்டிலேயே எழும்பி நின்றது.

அவருடைய அப்பா கிட்டுசாமிக்கு ஆடி மாதம் இரண்டாவது மாரடைப்பு வந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்த வாரத்தில், நாக்பூரில் வாக்கப்பட்டிருந்த அக்கா பூங்கோதை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பெரியவருக்கு அதிர்ச்சியான சேதி எதையும் சொல்லக் கூடாது என்று டாக்டர் அப்போதுதான் எச்சரித்திருந்தார். நாச்சிமுத்து கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டுப் போய், அக்காவை வழியனுப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். வீட்டில் யாரும் அழக் கூடாது என்று மனைவியிடம் சொல்லி வைத்தார். அவரும் அழவில்லை.

அப்பாவுக்குக் கண் மங்கல். போனில் குரல் கேட்டால் போதும். அக்கா எப்போதோ அனுப்பிய குரல் செய்திகள் நாச்சிமுத்துவின் போனில் கிடந்தன. இன்றைக்கு வந்ததுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "அப்பா, சாப்ட்டீங்களா? இங்க ஒரே மழை." "அப்பா, மாத்திரை போட்டீங்களா?"

பெரியவர் பதில் பேசுவார். நாச்சிமுத்து அதைப் பதிவு செய்து அக்காவின் எண்ணுக்கே அனுப்புவார். போய்ச் சேராத செய்திக்கு விழுகிற ஒற்றை டிக்கோடு அது நிற்கும். பொய்யிலும் கொஞ்சம் நேர்மை இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"ஏண்டா முத்து, இவ எப்பப் பாத்தாலும் மழையவே சொல்றா. நாங் கேக்கறதுக்குப் பதிலே சொல்ல மாட்டேங்கறா?"

"அங்க டவர் சரியில்லீங்கப்பா."

பெரியவர் கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி கேட்பார்.

"கோதைக்கு எம்மேல கோவமாடா?"

பொங்கலுக்கு வந்திருந்தபோது அக்கா அப்பாவை நாக்பூருக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள். "பொண்ணு ஊட்ல போய்க் குந்திச் சோறு திங்கற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போயிடல" என்று பெரியவர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலேறினாள். அதற்கப்புறமும் பேசினாள்தான். ஆனால் வரச் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

"கோவமெல்லாம் இல்லீங்கப்பா," என்பார் நாச்சிமுத்து.

அதை அவள் வாயால் கேட்கத்தான் பெரியவருக்கு ஆசை. போனில் கிடந்த செய்திகளில் அது இல்லை.

இரண்டாவது வரைவோடு வந்தபோது நாச்சிமுத்துவின் முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. இந்த முறை அடிக்குப் போக்கிடம் வைத்திருந்தார். உள்ளே விழ வேண்டிய அடியெல்லாம் கவசத்தை எழுப்பியவர் மேல் இறங்கும். தாங்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் அவர் வேறு எதுவும் செய்ய முடியாது. வெளியே நடப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, கேட்காது.

மாஸ்டர் படித்துப் பார்த்தார். டீ கிளாஸ் வைக்கிற எவர்சில்வர் தட்டைக் காலி செய்து நாச்சிமுத்துவிடம் கொடுத்தார்.

"அண்ணா, ஜெனிட்டா தலைக்கு மேல இதைப் புடிங்க. அவங்கதான் உள்ள இருக்கறவங்க."

மருத்துவராக ஆடும் ஜெனிட்டா சிரித்தபடியே குனிந்து உட்கார்ந்தாள். நாச்சிமுத்து தட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"உள்ள ஆள் இருக்கற வரைக்கும் கைய இறக்கப்படாதுங்கண்ணா," என்றார் மாஸ்டர்.

ஆட்டம் நடந்தது. ரஃபீக் வேண்டுமென்றே உறிஞ்சி உறிஞ்சி டீ குடித்தான். "உங்க டீ ஆறுதுங்கண்ணா," என்று வேறு சொன்னான். நாச்சிமுத்துவின் தோள் வலிக்கத் தொடங்கியது. ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. தாங்குவது அவருக்குத் தெரிந்த வேலை.

மாஸ்டர் பகடையை உருட்டி, நாச்சிமுத்துவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினார். ஆட்டத்தில் கவசத்துக்கு வெளியே நின்ற, விண்கலத்தை ஓட்டுகிற விமானி செத்துப்போனான். தட்டுக்கு அடியில் இருந்த ஜெனிட்டாவுக்கு அது தெரியாது.

"ஜெனிட்டா, விமானியக் கூப்பிட்டுப் பாருங்க."

"விமானி, கேக்குதா?"

விமானியாகவும் ஆடுகிற மாஸ்டர் பதில் சொல்லவில்லை.

"டேய் விமானி, கேக்குதாடா?"

"என்ன நெனைக்கறீங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

ஜெனிட்டா தட்டைப் பார்த்தபடியே யோசித்தாள். "போன வாரம் எனக்கும் அவனுக்கும் சண்டை வந்துச்சில்லைங்களா மாஸ்டர். இன்னும் எம்மேல கோவம்போல. அதான் பேச மாட்டேங்கறான்."

தட்டு கீழே விழுந்து உருண்டது. ஆறிப்போன டீ தாளின் மேல் கொட்டியது. நாச்சிமுத்து பையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேகலா பின்னாலேயே வந்தாள். படியில் அவர் சீடர் இல்லை, அவள் குருவும் இல்லை.

"அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. எல்லாவற்றையும் சொன்னார். வெளி ஆளிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

"இறக்கிடட்டுமா?"

"உள்ள இருக்கறவருகிட்டக் கேட்டீங்களாண்ணா?"

"கேட்டாலே இறக்கின மாதிரிதானே அம்மிணி. நெஞ்சு தாங்குமோ, தாங்காதோ."

மேகலா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் தெரியலீங்கண்ணா," என்றாள்.

குருமார்கள் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை இல்லை அது. எனக்கு இந்தக் குருவைப் பிடித்ததே அதனால்தான்.

சொல்லிவிடுவது என்றுதான் நாச்சிமுத்து வீட்டுக்குப் போனார். அப்பா அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார், பேத்தியிடம் வம்பு பேசினார். நல்ல நாளாகப் பார்த்து எதற்குக் கெடுக்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இந்த நிலையில் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. நல்ல நாளுக்கு ஒரு காரணமும் கெட்ட நாளுக்கு ஒரு காரணமும் அவரிடம் தயாராக இருந்தன. இதற்காக அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் செய்திருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் பெரியவரே போனைக் கேட்டார். கோதைக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றார். பேசினார். நாச்சிமுத்து வழக்கம்போலப் பதிவு செய்து அனுப்பினார்.

அந்த வாரத்திலேயே, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த கிட்டுசாமி எழுந்திருக்கவில்லை.

கொடுத்து வைத்த சாவு என்றார்கள் உறவுக்காரர்கள். ஒரு கவலை தெரியாமல் வைத்துக் காப்பாற்றினான் மகன் என்றார்கள். கோதை ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு நாச்சிமுத்து அன்றைக்குத்தான் பதில் சொன்னார். கேட்டவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதார்கள். அவர் மட்டும் பந்தல்காரனுக்கும் ஐயருக்கும் வேண்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாடி ஏறினார். ரஃபீக்கும் ஜெனிட்டாவும் இன்னும் வந்திருக்கவில்லை. மாஸ்டர் தனியாக நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா."

நாச்சிமுத்து தன் இடத்தில் உட்கார்ந்து, புது வரைவை மேசைமேல் வைத்தார். மாஸ்டர் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார்.

"வெளியே நடப்பது உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். உள்ளே இருப்பவரும் கவசத்தை இறக்கலாம். எழுப்பியவர் அதைத் தடுக்க முடியாது."

"இப்பச் சமமா இருக்குதுங்களா மாஸ்டர்?"

"இருக்குதுங்கண்ணா."

"இனி ஆட்டம் சாகாதுங்களே?"

"சாகாதுங்கண்ணா."

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அடி எங்க போகுதுன்னு கேட்டீங்க மாஸ்டர். அன்னிக்கு எனக்குப் பதில் தெரியல."

போனை இருவருக்கும் நடுவில் உயரத் தூக்கிப் பிடித்தார். அப்பாவின் காதருகே எப்போதும் அப்படித்தான் பிடிப்பார். பெரியவரின் குரல் மூச்சு வாங்க வாங்க வந்தது.

"கோதை... அப்பன் பேசறேன் சாமி. பொங்கலுக்கு நாஞ் சொன்னது தப்புத்தான். எம்மேல கோவிச்சுக்காத. உம்பட ஊட்டுக்கே வர்றேன். வந்து கூட்டிட்டுப் போ."

செய்தி முடிந்தது. கீழே ஒற்றை டிக் இருந்தது.

"கடைசி வரைக்கும் ஒரு சேதிகூட உள்ள போகாமப் பாத்துக்கிட்டனுங்க மாஸ்டர்," என்றார் நாச்சிமுத்து. "ஒண்ணுகூடப் போகலீங்க."

போனைப் பிடித்திருந்த கை தூக்கியபடியே நின்றது. கீழே பட்டறையில் யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவர் பக்கத்தில் நின்றார்.

"உள்ள இப்ப யாரும் இல்லீங்கண்ணா," என்றார். "கைய இறக்குங்க."