காது குத்துச் சாப்பாடு

குருன்னா தாடி வச்சுக்கிட்டு மரத்தடியில உக்காந்திருக்கணும்னு நெனைக்கவங்க இப்பமே எந்திரிச்சுப் போயிரலாம். எங்க குரு பேரு முப்பிடாதி. வயசு இருபத்தஞ்சு. ஸ்கூட்டியில வருவா. என்னை விட சின்னவ, அக்கான்னுதான் கூப்பிடுவா.

நான் லா காலேஜ்ல ரெண்டாம் வருஷம். சண்டை போடத்தான் படிக்கான்னு எங்க வீட்டுக்காரர் சுடலைமணி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. சண்டைக்குத் தோதா ஊர் நடந்துக்கிட்டா, போடாம என்ன செய்ய?

எங்க மக நிறைமதிக்குப் பொறக்கும்போதே மூச்சுப் பாதை குறுகல். கழுத்துல ஓட்டை போட்டு ஒரு சின்னக் குழாய் வச்சிருக்கு. அது வழியாத்தான் மூச்சு. சளி அடைச்சா மிஷின வச்சு உறிஞ்சி எடுக்கணும். அதுக்கும் வரலைன்னா குழாயையே உருவிட்டு வேற வைக்கணும், அதுவும் அந்த நிமிஷமே. இத பெத்தவங்கதான் செய்யணும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு வார்டே கேக்குத மாதிரி கத்துனேன். நான் நர்ஸுக்கா படிக்கேன்? தப்பா வச்சுட்டா யாரு பொறுப்பு?

பக்கத்துக் கட்டில்ல இருந்தவதான் முப்பிடாதி. அவ மக வள்ளிக்கும் குழாய் இருந்து, அப்பதான் எடுத்திருந்தாவ. நான் கத்தி முடிக்க வரைக்கும் பொறுமையா இருந்துட்டு, கிட்ட வந்தா.

"அக்கா, தொண்டையப் பத்திரமா வச்சுக்கிடுங்க. இனிமே ஒங்க புள்ளைக்கும் சேத்து நீங்கதான் சத்தம் போடணும்."

குழாய் வச்ச புள்ளைக்குக் குரல் வராதுங்கது எனக்கு அப்பதான் தெரியும். அன்னிக்கே அவள குருவா எடுத்துக்கிட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

ஆஸ்பத்திரியில நர்ஸ் பொம்மைய வச்சுச் சொல்லிக் குடுத்ததையே அவ எங்க வீட்டுல வந்து திரும்பப் பழக்குனா. டிவிய அலற விடுவா. அடுப்புல குக்கர ஏத்துவா. வள்ளியக் கத்தச் சொல்லுவா, அதுக்குச் சொல்லவே வேண்டாம். இந்தக் கூத்துக்கு நடுவுல நான் பொம்மைக்குக் குழாய் மாத்தணும். அமைதியான எடத்துல வச்சு செய்யணும்னுதானே நர்ஸ் சொன்னாவன்னு மல்லுக்கு நின்னேன்.

"மூச்சு அடைக்கும்போது ஊர் வாயப் பொத்திக்கிடும்னும் சொன்னாவளா?"

பொம்மைக்கு அழகா மாத்துவேன். மதிக்குன்னு வந்தா கை ஆடிப்போயிரும். வாரா வாரம் குழாய் மாத்துத அன்னிக்கு முப்பிடாதிதான் வருவா. மிஷினுக்கே அடங்குத சளின்னாலும் நான் அவளுக்குப் போன் போட்டுட்டுத்தான் மிஷினத் தொடுவேன். ரெண்டு தெரு தள்ளி வீடு. ஸ்கூட்டி சத்தம் கேட்டாத்தான் எனக்கு மூச்சு வரும். கல்யாணம், கோயில், கடைத்தெரு ஒன்னும் கிடையாது. அவ இல்லாத எடத்துக்கு மதியத் தூக்கிட்டுப் போகவே மாட்டேன்.

ஒரு நாள் கேட்டுட்டேன்.

"ஏட்டி முப்பிடாதி, இந்தப் பயம் எப்பதான் போகும்?"

அவ மதிக்குச் சடை போட்டுக்கிட்டு இருந்தா.

"புள்ளைக்குக் காது குத்துச் சாப்பாடு எப்ப போடப் போறீய?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுன்னேன். சொல்லியாச்சேன்னா.

விடுவனா? அழுதா சளி கூடும்னேன். சாம்பிராணிப் புகை ஆகாது, மொட்டை போட்டா முடி குழாய்க்குள்ள போகும், கூட்டத்துல எவனாவது இருமுவான்னு அடுக்கிக்கிட்டே போனேன். அவ ஒவ்வொன்னா வெட்டுனா. சாம்பிராணிய நிறுத்துங்க. மொட்டைக்குப் பதிலா ஒரு சுருள் முடி வெட்டிச் சாமிக்கு வைங்க. இருமுதவன வாசல்லயே மறிச்சுச் சண்டை போட ஒங்கள விட்டா ஆளு யாருன்னா. அதுக்கு மட்டும் நான் தலைய ஆட்டுனேன்.

கடைசியில ஒரே ஒரு நிபந்தனை வச்சேன். அவ பக்கத்துலயே இருக்கணும்.

"வாரேன்க்கா. ஆனா சாப்பிடத்தான் வருவேன்."

விளையாட்டுக்குச் சொல்லுதான்னு நெனைச்சேன்.

சின்ன மண்டபம். என் தம்பி பூலோகபாண்டி மடியில மதி பட்டுப் பாவாடையோட உக்காந்திருந்தா. அவன் பலூன ஊதி விட, அது புர்ருன்னு ஓட, அவ சிரிச்சா. சத்தமே வராது, தோளு ரெண்டும் குலுங்கும், கண்ணு காணாமப் போயிரும். மேளம் கொட்டுச்சு. அந்தப் பக்கம் முதல் பந்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. கடைசி இலையில, எங்களுக்கு நேர் எதிர்ல, முப்பிடாதி.

ஆசாரி ஒரு காதக் குத்துனாரு. மதி வாயத் தொறந்து அழுதா. சத்தம் இல்ல. எங்க பெரியம்மா பூரிச்சுப் போயி, பாத்தியளா, ஒரு முனகல் உண்டா, ராசாத்தின்னு ஊருக்கே சொன்னா. மறு காதும் முடிஞ்சுது. எல்லாரும் கைதட்டுதாவ.

நான் ஒதட்டப் பாத்தேன். கறுத்துக்கிட்டு வந்துச்சு. குழாய்க்குக் கீழ இருக்க குழி உள்ள உள்ள இழுக்குது. சளி உறிஞ்சுத மிஷின் டியூப உள்ள விட்டேன், எறங்கல. முட்டிக்கிட்டு நிக்கி.

"முப்பிடாதி!"

பாத்தா. நேரா என் கண்ணத்தான் பாத்தா. எந்திரிக்கல. இலையில கெடந்த அப்பளத்த எடுத்து நொறுக்குனா.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வாய் அவளத் திட்டிக்கிட்டு இருக்கு, காலேஜ்ல படிச்ச வார்த்தை, படிக்காத வார்த்தை எல்லாம். அதுக்குள்ள சுடலைமணி புள்ளையச் சமுக்காளத்துல கெடத்தி, தோளுக்கு அடியில துண்டச் சுருட்டி வச்சுட்டாரு. நான் திட்டிக்கிட்டே, குழாயக் கழுத்தோட கட்டியிருந்த நாடாவ வெட்டுனேன். திட்டிக்கிட்டே குழாய உருவுனேன். புதுக் குழாய் உள்ள போயிருச்சு. நான் புடிச்சுக்கிட்டேன், அவரு நாடாவக் கட்டுனாரு.

ஒரு இருமல். பின்ன, காத்து போயிட்டு வார சத்தம்.

மேளம் நிக்கவே இல்ல. வள்ளி எங்கேயோ கத்திக்கிட்டுத்தான் இருந்தா.

ஒதடு செவந்துச்சு. மதி எந்திரிச்சு உக்காந்து காதத் தொட்டுப் பாத்தா. பூலோகபாண்டி போன்ல அவ மூஞ்சியக் காட்டுனான். கம்மல் மின்னுத பக்கம் ஒரு தடவை, மறு பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு, சிரிச்சா. தோளு ரெண்டும் குலுங்குச்சு. சுடலைமணி அழுதுக்கிட்டே சிரிச்சாரு. பலூன் மறுபடி புர்ருன்னு ஓடுச்சு.

நான் பந்திக்குப் போனேன்.

"எம்புள்ள கறுத்துப் போயிக் கெடக்கா. நீ அப்பளத்த நொறுக்குத. ஏன்ட்டி எந்திரிக்கல?"

"நான் எந்திரிச்சிருந்தா நீங்க தள்ளி நின்னுருப்பியளேக்கா."

அதுக்கும் எங்கிட்டப் பதில் இருந்துச்சு. வாயத் தொறக்கும்போதுதான் அவ இலையப் பாத்தேன். சோறு, சாம்பார், ரசம், பாயசம் எல்லாத்தையும் ஒன்னாப் பெசஞ்சு வச்சிருக்கா. மேல அப்பளம் மாவாக் கெடக்கு. ஒரு வாய் கூட உள்ள போகல. இடது கை மடியில இருந்துச்சு. எங்க பையில இருந்து எப்பவோ எடுத்த இன்னொரு குழாய், ஒரு சைஸ் சின்னது, நான் வச்சது உள்ள போகலைன்னா வைக்கதுக்கு, உறையைப் பிரிச்சுத் தயாரா வச்சிருந்தா.

நான் அவ பக்கத்துல உக்காந்தேன்.

முப்பிடாதி குழாய என் கையில குடுத்துட்டு, இலைய மடக்குனா.

"வேற இலை போடச் சொல்லுங்கக்கா. இப்பதான் பசிக்கி."